செல்லோ தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

அவர் எந்த இசைத்தாளையும் படிப்பதற்கு முன்னால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கையை விரித்து மேலிருந்து கீழே ஒரு தடவை, இடமிருந்து வலம் ஒரு தடவை. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வந்த வெள்ளைத் தாள், அதில் தடவுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் விரல் ஆறாவது வரியில் நின்றது. "இந்தப் புல்லாங்குழல்காரர் செத்துடுவாரும்மா" என்றார்.

பார்த்தேன். பதினாறு பார் நீளத்துக்கு ஓடும் மெட்டு. பார் என்றால் தாளக் கட்டம். ஊதுகிறவர் பதினாறு கட்டத்துக்கு மூச்சே வாங்காமல் ஊத வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். கீபோர்டில் வாசித்துப் பார்த்து, பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு எழுதியது அது.

"கீபோர்டுக்கு மூச்சு வேணாம். இவருக்கு வேணும். வாயால பாடிக்கினே எழுது. உனக்கு எங்க முட்டுதோ அங்க நிறுத்து."

அவ்வளவுதான். அவரோடு வேலை செய்த ஏழெட்டு மாதத்தில் நான் எழுதிய எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குறை இருந்தால் காட்டுவார். குறை இல்லாவிட்டால் பேசாமல் பக்கத்தைத் திருப்புவார். அந்தப் பக்கம் திரும்பும் சத்தத்துக்காக நான் ஏங்க ஆரம்பித்துவிட்டேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், அவருக்கு செலக்‌ஷன் பார்க்கிற வேலை. பதனிட்டு முடிந்த தோல் ஒவ்வொன்றையும் மேஜை மேல் விரித்து, உண்ணி கடித்த தடம், கத்தி பட்ட கீறல், மெஷினில் அதிகமாகச் சீவிவிட்ட இடம் எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் சினிமாவுக்கு ஆர்கெஸ்ட்ரேஷன். என்னைப் போன்றவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிற இசையை நிஜமான ஆட்கள் நிஜமான வாத்தியத்தில் வாசிக்கத் தோதாகப் பிரித்து, ஆளுக்கொரு தாள் எழுதித் தருவார். சர்ச் கொயரில் கற்றதாக ஒரு நாள் சொல்வார், கல்யாண பேண்டில் கற்றதாக இன்னொரு நாள் சொல்வார். சென்னை ஸ்டுடியோக்களில் அவருக்குப் பெயர் செலக்‌ஷன் அண்ணன். படத்தில் பெயர் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுவார். அதனால் நானும் இங்கே போடவில்லை.

நான் பேர்ணாம்பட்டுக்காரி. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற லைனில் இருந்தவர். ஊர்ப்பாசத்தால் அவரைத் தேடிப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டு வருஷம் ஒரு இசையமைப்பாளரிடம் கம்ப்யூட்டர் தட்டிவிட்டு, முதல் முறையாகச் சொந்தமாக ஒரு படம் கிடைத்திருந்தது. கேட்ட ஆட்களில் இவர் ஒருவர்தான் தேதி கொடுத்தார். அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். பாய் ஷாப்பு, வெள்ளிக்கிழமைதான் லீவு.

அவருடைய பெரிய பிடிவாதம் வெளிச்சம். விளக்கு வெளிச்சத்தில் குறை பார்க்க மாட்டார். ஷாப்பில் செலக்‌ஷன் மேஜை வடக்கு ஜன்னல் ஓரம் இருக்குமாம். நாலு மணி தாண்டினால் எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் தோலை மடித்து வைத்துவிடுவார்களாம். ட்யூப்லைட் கீறலை மறைத்துவிடும் என்று பயம். அந்த வழக்கத்தை அப்படியே இசைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஸ்டுடியோவில் ஏது ஜன்னல்? அதனால் தாள்களை வாரிக்கொண்டு வெளியே போய், வாசல் படியிலோ, நிற்கிற ஏதாவது காரின் பானெட் மேலோ பரப்பிப் பார்ப்பார். பகல் வெளிச்சத்தில் அவர் பார்க்காத தாள் ஸ்டாண்டில் ஏறக் கூடாது.

"உள்ள இருக்கிற லைட்டு எல்லாத்தையும் அழகா காட்டும்மா. நமக்கு அது வேணாம்" என்பார்.

கடிகாரத்தைப் பார்த்து வேலை நடக்கிற இடத்தில் ஒரு மனிதர் தாளை வடாம் மாதிரி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பதறாது? எனக்கு அது ரொம்ப பேஜாராக இருந்தது. ஆனால் அவர் பேச்சை மீறியபோதெல்லாம் மூக்குடைபட்டேன். ஒரு தடவை ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழலைக் கீழ் ஸ்தாயியில் வைத்து, சுற்றிலும் வயலின்களை அடுக்கியிருந்தேன். கம்ப்யூட்டரில் கேட்டால் குழல் கணீரென்று மேலே வந்தது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுது. கீழ குழலுக்கு அவ்ளோ சத்தம் கிடையாது. வயலின் முழுங்கிடும்" என்றார். நான் கேட்கவில்லை. ரெக்கார்டிங்கில் குழல்காரரின் கன்னம் உப்புவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, குழல் மட்டும் கேட்கவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய், பாதி வயலின்காரர்களை வில்லைக் கீழே வைக்கச் சொன்னார்.

அவர் சொன்ன எதுவும் பெரிய தத்துவமில்லை. பக்கம் முடிகிற இடத்தில் வாசிக்கிறவருக்கு ஓய்வு வை, தாளைத் திருப்ப அவருக்கு மூணாவது கை கிடையாது. ஒவ்வொரு தாளிலும் எந்தக் காட்சி, எத்தனையாவது ரீல் என்று எழுது, காற்றில் பறந்தால் அடுக்க வேண்டும். டைரக்டர் வேறு படத்து இசையைக் காட்சிக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்து இந்த மாதிரி வேண்டும் என்பார், அந்த இசையைக் கேட்காதே, அந்தக் காட்சியில் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவரிடம் கேள். இனிமேல் படத்தை வெட்ட மாட்டேன் என்று டைரக்டரிடம் எழுதி வாங்கு, வாங்காமல் செஷன் வைக்காதே. கடைசி ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். என் டைரக்டர் நல்ல மனிதர், அவரிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

படத்தின் கடைசிக் காட்சிக்கு ஒற்றைச் செல்லோ, வயலினைவிடப் பெரிய, குரல் தடித்த அந்த வாத்தியம், வந்ததுகூட அவரால்தான். மகனை வெளிநாட்டுக்கு வழியனுப்ப வந்த அம்மா, பஸ் போன பிறகும் அங்கேயே நிற்கிறாள். நான் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே செல்லோவை ஆரம்பித்திருந்தேன். அவர் தாளைத் தடவிவிட்டு, "பேசறவன் குரல் இருக்கிற இடத்துலயே செல்லோவை உட்கார வச்சிருக்கிற. ரெண்டு பேருக்கு ஒரே நாற்காலி. பஸ்ஸு போவட்டும், அப்புறம் வாசிக்கட்டும்" என்றார். பஸ் போன பிறகு ஆரம்பித்தேன். சுற்றி இருந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் ஒரு செல்லோவும், அடியில் மெல்லிசாகப் பதினாறு வயலினும் மட்டும் நின்றன. அந்தப் பக்கத்தை அவர் பேசாமல் திருப்பினார்.

ஒரு முறை ஹார்ட் டிஸ்க் கொடுப்பதற்காக ஷாப்புக்கே போயிருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. மேஜை மேல் கறுப்புத் தோல் ஒன்று விரித்திருந்தது. நடுவில் ஓரிடம் அதிகம் சீவப்பட்டு மெலிந்திருந்தது. அவர் அதைக் கையில் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டிப் பிடித்தார். கூப்பிடவில்லை, திட்டவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். மேஜையைச் சுற்றி வேலை நின்றுவிட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும். சீவு மெஷின் பக்கத்திலிருந்து அவரைவிட வயதான ஒரு ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மெலிந்த இடத்தில் விரலை வைத்தார். "என் கைதான்" என்றார். அண்ணன் தலையாட்டி, சாக்பீஸால் ஒரு சுழி போட்டு, தோலை மூன்றாம் தர அடுக்கில் வைத்தார். வேலை மறுபடி ஆரம்பித்தது.

"யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியும். சீவின கோடு பார்த்தாலே ஆளு தெரியும்."

"அப்ப நீங்களே சொல்லிடலாமே. எதுக்கு நிக்கணும்?"

"நான் சொன்னா அது புகார். அவரே வந்து கை வச்சா அதோட முடிஞ்சிது. இன்னாருன்னு எழுதறதும் இல்ல, கூலில பிடிக்கறதும் இல்ல."

"யாருமே வரலன்னா?"

"வர்ற வரைக்கும் நிப்பேன்" என்றார்.

செஷன் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பின்னணி இசைக்குத் தயாரிப்பாளர் அந்த ஒரு லைவ் செஷனைத்தான் அனுமதித்திருந்தார், அதுவும் அரை மனதாக. முந்தின வாரம் என் எதிரிலேயே டைரக்டரிடம், "இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டதே போதுமே. லைவ்ல ஏதாவது சொதப்புச்சுன்னா வேற ஆளை வச்சு முடிச்சிக்கலாம், என்கிட்ட ஆள் ரெடி" என்று சொல்லியிருந்தார். அந்த வேற ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலை தயாரிப்பாளர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் முதுகுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் டீ உறிஞ்சுகிற சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

பதினொன்றுக்குள் மற்ற காட்சிகள் எல்லாம் முடிந்தன. ஐந்து நிமிஷ டீ இடைவேளையில் டைரக்டர் என்னிடம் வந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "நேத்து சாயந்தரம், பஸ் போனப்புறம் அம்மா நிக்கிற ஷாட்டை ஒரு அஞ்சு செகண்டு குறைச்சிட்டேன். மியூசிக்குக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார். கணக்குப் போட்டேன். சரியாக இரண்டு பார். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் போக வேண்டும். எஞ்சினியர் கம்ப்யூட்டரில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார். இனி தாள்களில் எடுக்க வேண்டும்.

நான் உள்ளே போய், "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு கட். பென்சில்ல அடிச்சுக்கோங்க" என்று சொன்னேன். எல்லோரும் குனிந்து தங்கள் தாளில் அடித்துக்கொண்டார்கள். செல்லோ நாற்காலி காலியாக இருந்தது. செல்லோ வாசிக்கும் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி, பாத்ரூம் போயிருந்தார். மணி பதினொன்று பத்து. அவர் வரட்டும் என்று நிற்க எனக்குப் பொறுமையில்லை. அவர் ஸ்டாண்டில் இருந்த பென்சிலை எடுத்து அவர் தாளில் நானே இரண்டு பாரை அடித்தேன்.

திரும்பினால் கதவருகே செலக்‌ஷன் அண்ணன். "அந்தத் தாளைக் குடும்மா. வெளிய ஒரு பார்வை பார்த்துட்டு வர்றேன்."

"ரெண்டே ரெண்டு பார்ண்ணா. டைம் இல்ல."

நான் அவரைத் தாண்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

முதல் டேக். நாற்பதாவது பார் வரைக்கும் என் உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பெரியவர் வாசித்த மாதிரி நான் அந்த மெட்டைக் கற்பனைகூடச் செய்திருக்கவில்லை. அடுத்த பாரில் வயலின்கள் ஒரு பக்கம் போக, செல்லோ வேறு பக்கம் போனது. காது கூசியது. எல்லோரும் நிறுத்தினார்கள். "ஒன் மோர்" என்றேன். இரண்டாவது டேக்கிலும் அதே இடம், அதே கோரம். சோபாவில் டீ சத்தம் நின்றது.

"யாரு அது? அந்தச் செல்லோ ஆளா?" என்றார் தயாரிப்பாளர்.

மைக்கில் பெரியவர் குரல் வந்தது. "எனக்கு இங்க கட் கீழ போட்டிருக்கும்மா. அப்படித்தான் வாசிச்சேன்."

"தப்பா அடிச்சிருக்கீங்க சார். மத்தவங்கள்லாம் கரெக்டா அடிச்சிருக்காங்கள்ல?" என்றார் எஞ்சினியர்.

"நான் வரும்போதே அடிச்சிருந்துது தம்பி."

பக்கத்தில் நின்றிருந்த கோஆர்டினேட்டர், வாத்தியக்காரர்களைச் செஷனுக்குக் கூப்பிடுகிற வேலை அவருடையது, தலையில் அடித்துக்கொண்டார். "வயசாச்சு மேடம். வேற நல்ல ஆள் கிடைக்கல. சாரி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவசரத்தில், மங்கலான அந்த மஞ்சள் விளக்கில், கோட்டை ஒரு வரி கீழே, வேறு இரண்டு பார் மேல் போட்டிருக்கிறேன்.

செலக்‌ஷன் அண்ணன் உள்ளே போனார். ஸ்டாண்டிலிருந்து செல்லோ தாளை எடுத்தார். யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மணி பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், மதியம் அவர்களுக்கு வேறு இடத்தில் வேறு செஷன். அவர் திரும்பி வந்தபோது ஹாலின் நடுவில் நின்று, தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"கட்டு ஒரு வரி கீழ இருக்குது" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அது என்ன என்று தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்க்கவில்லை, தாளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள்.

"என்ன நடக்குது அங்க? போட்டோ எடுக்கறாங்களா? சரி பண்ணிட்டு வாசிக்கச் சொல்லுங்கய்யா" என்றார் தயாரிப்பாளர்.

என் விரல் டாக்பேக் பட்டன் மேல் இருந்தது. அழுத்தினால் என் குரல் உள்ளே கேட்கும். அது நான் அடித்தது என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொன்னால் எனக்குப் பின்னால் சோபாவில் இருப்பவரும் கேட்பார். எட்டு வருஷம் கம்ப்யூட்டர் தட்டியது, அம்மா லைனில் நின்று கால் வீங்கியது, வேற ஆள் ரெடி என்ற அந்தப் பேச்சு, எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பட்டனின் விளிம்பு விரலில் பதிகிற அளவுக்கு வைத்திருந்தேன். அழுத்தவில்லை.

பதினொன்று நாற்பது. நாற்பத்தொன்று. அவர் தாளை இறக்கவில்லை. இவர் நிஜமாகவே நிற்பார், பன்னிரண்டு வரைக்கும் நிற்பார், படம் போனாலும் நிற்பார் என்று எனக்கு உறைத்தது. அந்த நிமிஷத்தில் நான் அவரை வெறுத்தேன். குறை செய்தவளாக அல்ல, பாதிக்கப்பட்டவளாக என்னை நினைத்துக்கொண்டு வெறுத்தேன்.

அப்போது செல்லோக்காரர் எழுந்தார். வாத்தியத்தை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, நடந்து வந்து, தாளில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"விடுங்க தம்பி. நான்தான் அடிச்சிருப்பேன். ஞாபகம் இல்ல. எல்லாருக்கும் டைம் ஆவுது பாருங்க."

செலக்‌ஷன் அண்ணன் அவரையே பார்த்தார். வெகு நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு தாளை இறக்கி, சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து என் கோட்டை அழித்து, சரியான இடத்தில் அவரே அடித்துக் கொடுத்தார். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு டேக். ஒரே டேக். படத்தில் இருப்பது அதுதான்.

முடிந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். டைரக்டர் இசைக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். தயாரிப்பாளர், "பரவால்லம்மா, நல்லா இருக்கு" என்று எழுந்து போனார். செலக்‌ஷன் அண்ணன் தாள்களை அடுக்கி மேஜை மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். அடுத்த படத்துக்காக அவருக்குப் போன் செய்தபோது, "வேற ஆளைப் பாருங்கம்மா" என்றார். அதுவரைக்கும் என்னை நீ, வா, போ என்று பேசியவர் அவர். அந்த நீங்களை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

படம் ஓடியது. கடைசிக் காட்சியின் செல்லோவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு வரிசையாகப் படங்கள் வந்தன. இரண்டு வருஷம் கழித்து ஒரு செஷனுக்கு அந்தச் செல்லோக்காரரையே கூப்பிடச் சொன்னேன். "அவரா மேடம்? உங்க செஷன்லதானே சொதப்பினார். அதுக்கப்புறம் நான் யாருக்கும் அனுப்பறதில்ல. அவர் நம்பரை மட்டும் வேணா தர்றேன்" என்றார் கோஆர்டினேட்டர். ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேறு செல்லோக்காரர் வந்தார், நன்றாகத்தான் வாசித்தார்.

போன மாதம் ஒரு பேட்டியில், அந்தச் செல்லோவை வாசித்தது யார் என்று ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள். "ஒரு சீனியர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பேட்டியில் நான் தண்ணீர் குடிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவ்வளவு அருவருப்பாக என்னை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையில் ஆம்பூருக்கு ரயிலேறினேன்.

ஷாப்பில் அதே ஜன்னல், அதே மேஜை. அவர் முடி நன்றாக நரைத்திருந்தது. "வாங்கம்மா" என்று சொல்லி ஸ்டூலைக் காட்டினார். தோலைத் தடவுவதை நிறுத்தவில்லை. நான் உட்காரவில்லை.

"அண்ணா, அந்தத் தாள்ல கட்டு அடிச்சது நான்."

"தெரியும்."

"அன்னிக்கு எனக்குச் சொல்ல வாய் வரல."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பழியை நானா வாங்கினேன்?" குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த தோலை இழுத்து விரித்தார். "நானும் தப்புதான் பண்ணேன். ஷாப்புல தன் கை இல்லாதவன் எவனும் வந்து கை வைக்க மாட்டான். ஸ்டுடியோல அப்படி ஒரு ஆளு இருப்பாருன்னு எனக்குத் தோணல. தாளை இறக்கிட்டேன். இறக்கி இருக்கக் கூடாது." தோலைப் புரட்டிவிட்டு, "அவர் நம்பர் இருக்குதா?" என்றார்.

"இருக்குது."

"எவ்ளோ நாளா?"

"நாலு வருஷமா."

அவர் ஜன்னல் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அங்கேயே நின்று டயல் செய்தேன். வெகு நேரம் மணி அடித்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார். என் பெயரைச் சொன்னேன். அவர் வீட்டில் யாரிடமோ டிவியைக் குறைக்கச் சொல்வது கேட்டது.

"மேடம், நல்லா இருக்கீங்களாம்மா? ரெக்கார்டிங்கா? எந்த ஸ்டுடியோ, எத்தனை மணிக்கு வரணும்?" என்றார். குரல் அவசரப்பட்டது. "இருங்க, இருங்க, வச்சிடாதீங்க." ஏதோ டிராயரை இழுக்கிற சத்தம், எதையோ தேடுகிற சத்தம். "ம், பேனா எடுத்துட்டேன். சொல்லுங்கம்மா."